உப்பளத்தில் மாதவிடாய் நிறைவு: நிழலும் நீரும் கழிப்பறையும் மருத்துவமே

மாதவிடாய் நிறைவுக் காலத்திற்கான அறிவுரைகள் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன: காற்றோட்டமான அறையில் இருங்கள், மெல்லிய பருத்தி ஆடை அணியுங்கள், நிறையத் தண்ணீர் அருந்துங்கள், ஓய்வெடுங்கள். தூத்துக்குடியின் முள்ளக்காட்டிலும் தருவைகுளத்திலும் வேப்பலோடையிலும் உப்புக் கூடையைத் தலையில் சுமக்கும் பெண்ணுக்கு இவற்றில் எது வாய்க்கும்? முத்துக்குளித்துறை எனப் பெயர்பெற்ற இக்கடற்கரையின் உப்பளங்களில் உழைப்போருள் தலித் பெண்கள் கணிசமானோர். அவர்களது உடலில் நிகழும் இம்மாற்றத்தை அவர்களது வேலையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது என்பதே நமது கருத்து.

உடலில் நிகழ்வது என்ன?

வயது ஏற ஏறச் சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மாதவிடாய் முறை தவறி, பின்னர் நின்றுவிடுகிறது. வேறு காரணமின்றித் தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராவிட்டால் அதனை மாதவிடாய் நிறைவு என்கிறோம். உலக அளவில் இது பெரும்பாலும் 45 முதல் 55 வயதிற்குள் நிகழ்கிறது. மேலைநாடுகளில் சராசரி வயது ஏறத்தாழ 51. இந்தியாவில் 46, 47 அளவிலேயே வந்துவிடுகிறது. வறுமைக்கும் ஊட்டக்குறைவுக்கும் இதில் தொடர்புண்டு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே, இது வயதின் கதை மட்டுமன்று, வாழ்நிலையின் கதையுமாகும்.

ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருக்கும் மூளைப் பகுதி சிறு வெப்ப மாற்றத்திற்கும் மிகையாக எதிர்வினை ஆற்றுகிறது. முகமும் மார்பும் திடீரெனக் கொதிக்கின்றன, வியர்வை பெருகுகிறது, நெஞ்சு படபடக்கிறது. சில நிமிடங்களில் அது அடங்கினாலும் இரவில் மீண்டும் வந்து உறக்கத்தைக் கலைக்கிறது. உறக்கம் கெட்டவர் விடியுமுன்னே உப்பளத்திற்குப் புறப்பட வேண்டும். தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023-இல் வெளியான ஆய்வு, அவர்களுள் சுமார் 90 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைக் கடந்த சூழலில் உழைப்பதாகக் கண்டறிந்தது. உள்ளே எழும் வெப்பமும் வெளியே எரிக்கும் வெப்பமும் ஒரே உடலில் சந்திக்கின்றன.

அடக்கப்படும் சிறுநீர்

வெளியே சொல்லப்படாத துன்பம் மற்றொன்று. ஈஸ்ட்ரோஜன் குறைவால் பிறப்புறுப்பின் தோலும் சிறுநீர்ப்பாதையும் மெலிந்து உலர்கின்றன. எரிச்சல், அரிப்பு, அடக்க முடியாத சிறுநீர், அடிக்கடி நோய்த்தொற்று ஆகியன தொடர்கின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை மறைவேதும் இல்லாத உப்புப் பாத்திகளிடையே கழிப்பறை இல்லையென்றால், பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். அது தொற்றை வளர்க்கிறது. வெப்பத்தில் சிறுநீரகத்தையும் வதைக்கிறது. மருந்துச் சீட்டில் எழுதித் தீர்க்கக்கூடிய சிக்கலன்று இது.

எலும்பு மெலிவதும் இக்காலத்தில் விரைவுபடுகிறது. ஆண்டுக்கணக்கில் தலைச்சுமை தாங்கிய கழுத்துக்கும் முதுகுக்கும், வழுக்கும் வரப்பில் நடக்கும் கால்களுக்கும் இது ஆபத்து. கேழ்வரகு, முருங்கைக்கீரை, முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவை சுண்ணாம்புச்சத்து தரும் எளிய உணவுகள். ஆனால் மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் நின்று, கூலியும் நிற்கும்போது அவையும் எட்டாமற்போகின்றன.

சிகிச்சை உண்டு

“எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே” என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை. 60 வயதுக்குட்பட்ட அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குட்பட்ட, வேறு தடையற்ற பெண்களுக்கு ஹார்மோன் சிகிச்சை நன்கு பயன்தரும். கருப்பை உள்ளோருக்கு ஈஸ்ட்ரோஜனுடன் புரோஜெஸ்டரோன் வகை மருந்தும் சேர்த்தே தரப்பட வேண்டும். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு, பக்கவாதம் போன்றவை கண்டவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் உள்ளன. பிறப்புறுப்பு வறட்சிக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவும். எதையும் மருத்துவரின் ஆலோசனையின்றி எடுக்கலாகாது. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் உடனே பரிசோதிக்க வேண்டும். அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

எச்சரிக்கை ஒன்றும் தேவை. முறையற்ற உதிரப்போக்குக்குக் கருப்பையை அகற்றுவதே முதல் தீர்வாக ஏழைப் பெண்களிடம் திணிக்கப்படுவதுண்டு. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடையே இது பெருமளவில் நிகழ்ந்தது அம்பலமானது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மாநிலங்கள் மூன்று மாதங்களில் நடைமுறைப்படுத்த வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது. சினைப்பைகளையும் சேர்த்து அகற்றினால் மாதவிடாய் நிறைவு ஒரே நாளில் வந்துவிடும். வேறு சிகிச்சை உண்டா என்று கேட்பதும், மற்றொரு மருத்துவரின் கருத்தைப் பெறுவதும் நோயாளியின் உரிமை.

கணக்கில் வராத வயது

தேசிய குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களிடமே விரிவாகக் கேள்வி கேட்கிறது. அரசின் பெண்கள் நலத்திட்டங்கள் பேறுகாலத்தையே மையமாகக் கொண்டவை. பிள்ளை பெறும் காலம் முடிந்ததும் பெண்ணுடல் கணக்கிலிருந்து மறைகிறது. தலித் பெண்களின் சராசரி இறப்பு வயது, உயர்சாதியினர் எனப்படுவோரின் பெண்களைவிட 14.6 ஆண்டுகள் குறைவு என்று ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018-ஆம் ஆண்டு அறிக்கை குறிப்பிட்டது. மாதவிடாய் நின்றால் தீட்டு நீங்கிவிடும் என்பது ஆதிக்கச் சாதிக் குடும்பத்தின் கணக்கு. பிறப்பையே தீட்டாக்கிய சமூகம் தலித் பெண்ணுக்கு அந்த விடுதலையையும் தருவதில்லை.

கடை ஊழியர்களின் அமரும் உரிமையை 2021-இல் சட்டமாக்கிய மாநிலம் இது. வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024-இல் அறிவித்த மாநிலமும் இதுவே. அப்படியிருக்க, உப்பளந்தோறும் நிழற்கூடம், குடிநீர், தண்ணீர் வசதியுள்ள பெண்கள் கழிப்பறை, கூலி பிடிக்காத இடைவேளை ஆகியவற்றைக் கோருவது மிகையாகாது. வீடு தேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்கள், நாற்பதைக் கடந்த பெண்களிடம் மாதவிடாய் பற்றியும் உறக்கம் பற்றியும் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். உப்பளப் பகுதிகளுக்குச் செல்லும் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூலியோடு இதையும் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். கேட்கப்படாத துன்பம் கோரிக்கையாக எழுவதில்லை.