ஒரே வீடு, ஒரே காற்று - ஒருவருக்கு மட்டும் ஏன்?

நம் சங்கத்தின் சென்ற பொங்கல் விழாவில் பந்தி முடிந்து எல்லோரும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், ஓர் இளைஞர் என்னைத் தனியே அழைத்துச் சென்றார். "அங்கிள், வீட்டில நாலு பேர் இருக்கோம். எனக்கு மட்டும் டி.பி. வந்திருக்கு. எங்க பரம்பரையிலேயே இது இருக்குமோ? யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றார். மான்ட்ரியாலில் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் பல ஆண்டுகள் சுண்டெலிகளைப் பராமரித்தவன் என்பது அவருக்குத் தெரியும். இன்று அவர் மருந்தை முழுவதும் சாப்பிட்டு முடித்துக் குணமாகிவிட்டார். பெயர் போடாமல் இதை எழுதும்படி சொன்னவரும் அவரே.

அவருடைய கேள்வி எனக்குப் புதிதல்ல. என் சொந்த ஊர் வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டத்தின் எல்லையில், கோயம்புத்தூர்ப் பக்கம் பார்த்தபடி இருக்கும் ஊர். ஆட்சி கேரளத்துடையது, வீட்டில் பேசுவது கொங்குத் தமிழ். 1960-களில் எங்கள் பெரியப்பாவுக்குக் காசநோய் வந்தது. ஒரே கூடத்தில் ஒன்பது பேர் படுத்து உறங்கிய வீடு அது. நோய் வந்தது அவருக்கும், பிறகு சின்ன அத்தைக்கும் மட்டுமே. பெரியப்பா பெருந்துறை சானடோரியத்தில் ஓராண்டுக்கு மேல் இருந்து குணமாகித் திரும்பினார். ஆனாலும் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், திண்ணையில் படுக்கை. நான் ஓடிப் போனால், "அங்கயே நில்லு சாமி" என்று கையைக் காட்டித் தடுத்துவிடுவார். சில ஆண்டுகள் கழித்து அக்காவைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள், "அந்தக் குடும்பத்துல அது ரத்தத்துலயே இருக்குதுங்க" என்று தரகரிடம் சொல்லியனுப்பினார்கள். சம்பந்தம் நின்றுபோயிற்று.

ரத்தத்தில் அப்படி ஏதாவது உண்டா? எலிகளிடமிருந்து நான் கற்றதை எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

கறுப்பு எலியும் பழுப்பு எலியும்

ஆய்வுக்கூடத்துச் சுண்டெலிகள் சாதாரண எலிகள் அல்ல. அண்ணனையும் தங்கையையும் 20 தலைமுறைகளுக்கு மேல் இணைசேர்த்து, ஓர் இனத்தின் எலிகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒரே மரபணுக்கள் கொண்டவையாக ஆக்கியிருப்பார்கள். ஆகவே ஒரே கூண்டு, ஒரே தீனி, ஒரே அளவு கிருமி என்று கொடுத்தும் இரண்டு இனங்கள் இரண்டு விதமாக நடந்துகொண்டால், வேறுபாடு மரபணுவில் இருக்கிறது என்று அறியலாம்.

பி.சி.ஜி. என்பது காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான ஒரு கிருமி. பிரான்சில் கால்மெட், குவெரின் என்ற இருவர் 1908 முதல் 1921 வரை 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்துத் தடுப்பூசியாக்கினார்கள். நம்மில் பலருடைய தோளில் இருக்கும் வடு அதுதான். இதை எலிகளுக்குள் செலுத்திப் பார்த்தபோது, சில இனங்களில் கிருமி பெருகவில்லை. சில இனங்களில் தாராளமாகப் பெருகியது. எங்கள் ஊரான மான்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காமீன், க்ரோஸ் ஆகியோரின் குழு இதற்குக் காரணமான மரபணுவைத் தேடி, 1993-இல் கண்டுபிடித்தது. அதற்கு என்ராம்ப்-1 என்று பெயர் வைத்தார்கள். நான் வேலை பார்த்தது வேறு கூடத்தில் என்றாலும், எலிக்காரர்களான எங்களிடையே அன்று அதுவே பேச்சு.

செக்போஸ்ட்டில் நடப்பது

அந்த மரபணு என்ன செய்கிறது? வேலந்தாவளத்துக்காரனுக்கு இதை விளக்க செக்போஸ்ட்டைவிட நல்ல உவமை கிடையாது. என் சிறுவயதில் எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. லாரியை நிறுத்திவிட்டால் மட்டும் சரக்கு பிடிபட்டதாகாது. ஏறி, மூட்டையைக் குத்திப் பார்க்க ஆள் வேண்டும்.

நுரையீரலிலும் அப்படித்தான். உள்ளே வரும் கிருமியை வெள்ளணுக்களில் ஒருவகையான விழுங்கணுக்கள் பிடித்து, ஒரு சிறு பையில் அடைக்கின்றன. பிறகு அமிலமும் செரிமானப் பொருள்களும் நிறைந்த வேறு பைகள் வந்து அதனோடு சேர வேண்டும். காசநோய்க் கிருமியின் சாமர்த்தியம், அந்தச் சேர்க்கையைத் தடுத்துவிட்டுப் பிடித்தவனுடைய வீட்டிலேயே குடியிருப்பது.

என்ராம்ப்-1 மரபணு உண்டாக்கும் புரதம் அந்தப் பையின் சுவரில் அமர்ந்துகொண்டு, உள்ளே இருக்கும் இரும்பு, மாங்கனீசு ஆகியவற்றை வெளியே இறைக்கிறது. இவை இல்லாமல் கிருமி வளர முடியாது. அதாவது கைதிக்குச் சோறு தண்ணீரை நிறுத்துகிற காவலன் அது. நோய்க்கு இடம்கொடுக்கும் எலிகளில் இந்தப் புரதத்தின் 169-ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அவ்வளவுதான், காவலன் இல்லை!

கதை இங்கே முடியவில்லை

அப்படியானால் ரத்தத்தில் இருப்பது உண்மைதானே என்று கேட்பீர்கள். இனிமேல்தான் முக்கியமான செய்தி. பி.சி.ஜி.யை விட்டுவிட்டு, உண்மையான காசநோய்க் கிருமியையே கொடுத்துப் பார்த்தார்கள். பி.சி.ஜி.க்கு இடம்கொடுத்த கறுப்பு எலி, காசநோய்க் கிருமியோடு நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. பி.சி.ஜி.யை அடக்கிய பழுப்பு எலியோ முன்னதாகவே இறந்தது! பெயர்பெற்ற அந்த மரபணுவால் எலிகளில் உண்மையான காசநோய்க்கு எதிராகப் பயன் ஏதும் தெரியவில்லை. ஒரு பகைவனுக்குப் பலசாலி, அவன் தம்பிக்கும் பலசாலியாக இருக்க வேண்டியதில்லை. மனிதர்களில், ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் 1998-இல் வெளியான ஆய்வு இந்த மரபணுவின் சில வகைகளுக்கும் காசநோய்க்கும் ஓரளவு தொடர்பு காட்டியது. ஓரளவுதான், தலையெழுத்து அல்ல.

காவல் ஒருவரோடு நிற்பதுமில்லை. விழுங்கணு சோர்ந்திருக்கும்போது டி அணுக்கள் என்ற மேலதிகாரிகள் வந்து, இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளால் "எழுந்து வேலையைப் பார்" என்று கட்டளையிடுகின்றன. இந்தப் பொருளே இல்லாத எலிகளை உண்டாக்கி, 1993-இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் ஆராய்ந்தன. அவை காசநோயால் சில வாரங்களில் இறந்தன. 1996-இல், மால்டா தீவைச் சேர்ந்த சில குழந்தைகளிடம் இந்தக் கட்டளையைக் கேட்கும் "காது" பிறவியிலேயே இல்லை என்று தெரியவந்தது. பிறரை ஒன்றும் செய்யாத எளிய கிருமிகளே அவர்களைக் கடுமையாகத் தாக்கின. இப்படிப்பட்ட குறை மிக மிக அரிது.

மற்றவர்கள் நிலை என்ன? உலக மக்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் உடம்பில் இந்தக் கிருமி புகுந்திருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கே வாழ்நாளில் என்றாவது நோயாக மாறுகிறது. மற்றவர்கள் உடம்பில் காவல் வென்றுவிடுகிறது.

காவலாளிக்கும் சோறு வேண்டும்

எலிக்கூண்டில் எல்லோருக்கும் ஒரே தீனி. மனிதர் வீட்டில் அப்படியா? காவலைத் தளர்த்துபவை பல: பட்டினி, நீரிழிவு, புகை, குடி, எச்.ஐ.வி., மூட்டுவாதம் போன்றவற்றுக்குக் கொடுக்கப்படும் சில மருந்துகள்.

உணவு எவ்வளவு முக்கியம் என்பதை ஜார்கண்ட் மாநிலத்தில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. முடிவு 2023-இல் வெளிவந்தது. 2,800 நோயாளிகளின் வீடுகளில் இருந்த 10,345 பேரைக் கவனித்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரைகளும் கொடுத்தார்கள். மற்ற வீடுகளைவிட அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மரபணுவை மாற்ற முடியாது. பருப்பை வாங்கிக் கொடுக்க முடியும்.

தனித் தட்டு, தனி டம்ளர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நோய் இருமும்போது காற்றில் பரவுவது, பாத்திரத்தால் பரவுவதில்லை. தகுந்த மருந்து தொடங்கியபின் பரவும் சக்தி விரைவில் குறைந்துவிடும். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆராய்ச்சி மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய நிலையம்) 193 நோயாளிகளில் பாதிப்பேரை வீட்டிலும் பாதிப்பேரை சானடோரியத்திலும் வைத்து மருந்து கொடுத்தது. 1959-இல் முடிவு வந்தது. வீட்டில் ஏழை உணவு, நெருக்கடியான அறை என்றாலும், இரு சாராரும் ஏறக்குறைய சமமாகக் குணமடைந்தார்கள். வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம். எங்கள் வீட்டில் பெரியப்பா திண்ணைக்குப் போனதும் இதன் பிறகுதான். சென்னையின் செய்தி வேலந்தாவளம் வந்து சேரவில்லை.

நம் குடும்பங்களுக்கு

நாம் இங்கு குடியேறும்போது நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள் அல்லவா? உறங்கிக்கொண்டிருக்கும் கிருமியை அது காட்டாது. பல ஆண்டு கழித்தும் அது விழிக்கலாம். இரண்டு மூன்று வாரங்களுக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் இருந்தால் டாக்டரிடம் போங்கள். எந்த ஊரிலிருந்து வந்தோம், வீட்டில் யாருக்கு நோய் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை பி.சி.ஜி. போட்டவர்களுக்கு வீணாகப் பயமுறுத்தலாம். இரத்தச் சோதனைக்கு அந்தக் குழப்பம் இல்லை. உறங்கும் கிருமிக்கும் மாத்திரை உண்டு. வழக்கமான காசநோய் ஆறு மாத மருந்தில் குணமாகும். பாதியில் நிறுத்தக் கூடாது.

வழிவழியாக வருவது நோய் அல்ல, காவலின் ஏற்றத்தாழ்வு. அதுவும் பல மரபணுக்களில் சிதறி, ஏதோ ஒரு வகையில் நம் எல்லோரிடமும் இருப்பது. அதைக் காரணம் காட்டிப் பெண்ணை வேண்டாம் என்பவர் வீட்டிலும் அது இருக்கும்.

அக்கா பிறகு வேறு நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டு, இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டார். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. பெரியப்பா மட்டும் கடைசிவரை திண்ணையிலேயே படுத்தார். அவருடைய நோய் குணமாகி அப்போது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. இது தெரிந்திருந்தால், அவர் கையை நீட்டித் தடுத்தபோது நான் நின்றிருக்க மாட்டேன்.