பின்மண்டை முடியின் பிடிவாதம்

நெய்வேலி நகரியத்தில் முன்நெற்றி ஏறத் தொடங்கினால் பழி ஹெல்மெட் மேல் விழுவதுண்டு. சுரங்கத்தில் ஷிப்டு முழுக்க அதைத் தலையில் சுமப்பவர்களின் சந்தேகம் புரிகிறது. ஆனால் ஹெல்மெட்டின் உள்பட்டை நெற்றியை அழுத்துவதுபோல் பின்மண்டையையும்தான் அழுத்துகிறது. அங்கே மட்டும் முடி ஏன் கடைசிவரை நிற்கிறது?

காரணம் டிஎச்டி. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து உடலே தயாரித்துக்கொள்ளும் ஹார்மோன் அது. பரம்பரை வாகு உள்ளவர்களுக்கு முன்நெற்றியிலும் உச்சியிலும் உள்ள மயிர்க்கால்கள் அதற்குப் பணிந்து சுருங்குகின்றன. முடி பூனைமயிராக மெலிகிறது. பின்மண்டை மயிர்க்கால்கள் அசைவதில்லை.

அந்தப் பிடிவாதம் இடம் மாறினாலும் போகாது என்பதுதான் ஆச்சரியம். நியூயார்க் தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1950களில் பின்மண்டைத் தோலை முன்னால் நட்டுப் பார்த்து, 1959இல் முடிவை வெளியிட்டார்: நட்ட முடி பழைய குணத்தோடே வளர்ந்தது. ஜப்பானில் ஷோஜி ஒகுடா 1939லேயே தழும்புகளில் முடி நட்டிருந்தார். போர் வந்ததில் அது வெளியுலகை எட்டவில்லை.

ஒரென்ட்ரைக் நட்டவை 4 மில்லிமீட்டர் அளவு வில்லைகள். ஒவ்வொன்றிலும் கொத்தாகப் பல முடிகள். முடி வந்தது, ஆனால் பொம்மைத் தலை மாதிரி. தோலிலிருந்து முடி இயல்பில் ஒன்று முதல் நான்கு வரையான சிறு கூட்டங்களாகவே புறப்படுகிறது. 1990களில்தான் நுண்ணோக்கி வைத்து அந்தக் கூட்டங்களைப் பிரித்து நடுவது பரவியது. இப்போது முன்வரிசைக்கு ஒற்றை முடிகள், அதன் பின்னால் இரண்டும் மூன்றும். எல்லாம் முன்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். வரிசை நெய்வேலி வட்டங்களின் தெருக்களைப்போல நூல் பிடித்தாற்போல் இருந்தால் பார்த்தவுடன் காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே கோணல் வைப்பார்கள். நெற்றியோரக் குழிவையும் கொஞ்சம் விட்டுவைப்பார்கள். அறுவையைவிட இந்தக் கோணலுக்குத்தான் கைத்தேர்ச்சி அதிகம் வேண்டும்.

நட்ட முடி சில வாரங்களில் உதிரும். பதற வேண்டாம், வேர் உள்ளேதான் இருக்கிறது. மூன்று நான்கு மாதத்தில் முளைக்கத் தொடங்கி, முழுப் பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்.

யூடியூப் பார்த்தும் பயிலரங்கில் வேடிக்கை பார்த்தும் முடி நடும் அறுவையைச் செய்யக் கிளம்பியவர்கள் பெருகியதால், அது பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவிக்க வேண்டிவந்தது.

இருபது வயதில் வந்து நிற்கும் பையனிடம் நல்ல மருத்துவர் கத்தியை எடுக்கத் தயங்குவார். நட்ட முடி நிற்கும். அதற்குப் பின்னால் உள்ள சொந்த முடி தொடர்ந்து உதிரும். பின்மண்டையில் எடுத்த இடத்திலோ மறுபடி முளைக்காது. அதனால் முதலில் மருந்து, பிறகு சில வருஷக் காத்திருப்பு.