அனுப்பியது போய்ச் சேர்ந்ததா?

எட்டாம் வகுப்பு உதவித்தொகைத் தேர்வுக்கான மாணவர் பட்டியலைக் கடைசி நாள் மாலையில் மின்னஞ்சலில் அனுப்பினேன். 'அனுப்பியவை' பகுதியில் அது இருந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் காலை, "பட்டியல் வரலையே சார்" என்று தொலைபேசி. முகவரியில் 'அட்' குறிக்கு முன்னால் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது.

'அனுப்பியவை' என்பது தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதற்குச் சமம், அவ்வளவுதான். அதன்பிறகுதான் வேலையே தொடங்குகிறது. 'அட்' குறிக்குப் பின்னுள்ள பெயருக்கான அஞ்சலை எந்தக் கணினி வாங்கும் என்று நம் அஞ்சல் சேவையகம் டிஎன்எஸ் பதிவுகளில் தேடுகிறது. பிறகு அந்தக் கணினியோடு எஸ்எம்டிபி என்ற நெறிமுறைப்படி பேசுகிறது. 1982இல் வெளியான இந்த நெறிமுறையை வகுப்பில் இரண்டு மாணவர்களை வைத்தே நடித்துக் காட்டலாம். ஒருவர் "வணக்கம்", "இன்னார் அனுப்புகிறார்", "இன்னாருக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மற்றவர் எண்ணால் பதில் சொல்வார். 250 என்றால் சரி. 4இல் தொடங்கினால் 'பிறகு வா'. சேவையகம் சில நாள்கள்கூட விடாமல் முயலும். 550 என்றால் ஏற்க முடியாது. பெரும்பாலும் அப்படியொரு அஞ்சல்பெட்டியே இல்லை என்று பொருள்.

வந்த கடிதத்தைப் பெறுபவர் எடுத்துப் படிப்பதற்கு ஐமேப், பாப் என்ற வேறு நெறிமுறைகள் உண்டு. அவரது பெட்டிக்கே போகாத கடிதத்துக்கு அவற்றால் என்ன பயன்?

எனக்குக் கிடைத்த பதில் 550. அதைத் தெரிவிக்கும் ஆங்கில அஞ்சல் அன்று மாலையே என் பெட்டிக்கு வந்திருந்தது. 'மெயிலர் டீமன்' என்ற பெயரைப் பார்த்து ஏதோ விளம்பரம் என்று திறக்காமல் விட்டிருக்கிறேன்! நல்லவேளை, முகவரியைத் திருத்தி அனுப்பியதும் ஏற்றுக்கொண்டார்கள். 23 பிள்ளைகளும் தேர்வு எழுதினார்கள்.