தாழ்வும் துள்ளலும்: மோட்டார் சைக்கிளின் பின்புறத் தொய்வு

‘கப்சாய்’ எனப்படும் சிறு மோட்டார் சைக்கிள் பினாங்கில் நெடுங்காலமாக ஓடிவருகிறது. ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. அந்நிறுவன வண்டிகளை இந்நாட்டிற்குக் கொணர்ந்தவர் பினாங்கு வணிகர் லோ பூன் சியூ ஆவார். இன்றும் பெற்றோர் பலர் பிள்ளைகளை இத்தகைய வண்டியிலேயே பள்ளிக்கு அழைத்துச் செல்கின்றனர். இருவர் ஏறியதும் பின்புறம் மிகத் தாழுமாயின், அது தோற்றக்குறை மட்டுமன்று. முன்சக்கரத்தின் பிடிமானம் குறையும். முன்விளக்கு மேல்நோக்கி, எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும்.

இதனைப் பொதுவாகத் ‘தொய்வு’ என்கிறோம். ஆயினும் அவ்வொரு சொல்லுக்குள் இருவேறு பழுதுகள் அடங்கியுள்ளன. பின்சக்கரத்தின் இருமருங்கிலும் உள்ள அதிர்வுதாங்கிகளில் சுருள்வில் பளுவைத் தாங்குகிறது. உள்ளிருக்கும் எண்ணெய்த் தணிப்பான் வில்லின் துள்ளலை அடக்குகிறது. ஆகவே வில் தளர்ந்தால் வண்டி தாழும்; தணிப்பான் பழுதுற்றால் துள்ளும். எண்ணெய்க் கசிவு துள்ளலுக்குக் காரணமாகலாம். தாழ்வுக்குக் காரணம் பெரும்பாலும் வில்லே.

முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சரிசெய்தல் வேண்டும். பின்னர் வண்டியை நடுத்தாங்கியில் நிறுத்தி, பின்சக்கரம் தரையைத் தொடாத நிலையில், அச்சிலிருந்து நேர்மேலே இருக்கையடியில் ஒரு புள்ளிவரை அளக்கவேண்டும். ஓட்டுநர் அமர்ந்தபின் அதே தொலைவை மீண்டும் அளந்தால், இரண்டின் வேறுபாடே தாழ்வாகும். சக்கரம் அசையக்கூடிய முழுத்தொலைவில் மூன்றிலொரு பங்கைத் தாழ்வு மிஞ்சலாகாது. அத்தொலைவு 75 மில்லிமீட்டர் எனில் வரம்பு 25 மில்லிமீட்டர். துள்ளலை அறிய, இருக்கையை அழுத்தி விடுக. ஒருமுறை எழுந்து அடங்காமல் மீண்டும் மீண்டும் ஆடினால் தணிப்பான் பழுதுற்றது எனலாம்.

சில அதிர்வுதாங்கிகளில் படிகளுள்ள திருகுவளையம் உண்டு. அதனை இருபுறமும் ஒரே படிக்கு உயர்த்தினால் வண்டி உயரும். வில்லின் விறைப்போ கூடாது. உயர்ந்த படியிலும் தாழ்வு நீங்காவிடில் வில் நிலையாகக் குறுகியிருக்கும், அல்லது அப்பளுவிற்குப் போதாததாக இருக்கும். அந்நிலையில் இருபுற வில்களையும் சேர்த்தே மாற்றுதல் முறை. மூடி அடைக்கப்பட்ட தணிப்பானைப் பிரிக்க முற்படலாகாது. சிலவற்றுள் அழுத்தமிகு வாயு உண்டு.

பளுவின் அளவிற்கேற்பவே வில்லின் நீட்சியும் அமையும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்டார். அறிவியல் ஆசிரியர்கள் எடைகளைத் தொங்கவிட்டுக் கற்பிக்கும் இவ்விதியை, பள்ளி வாயிலில் நிற்கும் வண்டியிலும் ஓர் அளவுகோலைக்கொண்டு மாணவர்க்குக் காட்டலாம்.