அங்கியும் வேடமும்

பதினெட்டாம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரின் அச்சுப்படக் கடைகள் புதிய நையாண்டி ஓவியங்களைச் சாளரங்களில் தொங்கவிட்டன. காசு கொடுத்து வாங்க இயலாதவரும் தெருவில் நின்று பார்த்து நகைத்துச் சென்றனர். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட அத்தகைய படங்கள் மாத இதழ்களிலும் இடம்பெற்றன. அரசியலாரைப் போலவே சமயகுருமாரும் அவற்றில் அகப்பட்டனர்.

அவர்களுள் ஒருவர் ஜார்ஜ் ஒயிட்பீல்டு (1714–1770). தேவாலயச் சுவர்களுக்குள் அடங்காமல் வெட்டவெளியில் நின்று போதித்தவர். 1739ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரை அடுத்த கிங்ஸ்வுட்டில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே அவர் பேசினார். கரி படிந்த அவர்தம் முகங்களில் கண்ணீர் வெண்கோடுகளாக வழிந்ததைப் பின்னர் எழுதியும் வைத்தார். சுரங்கத்தால் வளர்ந்த நம் தங்கவயலார்க்கு இக்காட்சியை விளக்க வேண்டுவதில்லை.

ஓவியர் கண்டதோ வேறு. ஒயிட்பீல்டுக்கு இளமை முதலே மாறுகண். அக்குறையையே பெரிதாக்கி வரைந்தனர். அதைக் கொண்டே அவருக்குப் பட்டப்பெயரும் சூட்டினர். அது மிக எளிய நகை. அவர் சொன்னதையோ செய்ததையோ அது தொடவேயில்லை.

வில்லியம் ஹோகார்த் 1762இல் வெளியிட்ட படம் இதனினும் கூரியது. உரத்துக் கூவும் போதகரின் பொய்முடி நழுவுகிறது, அங்கி விலகுகிறது, உள்ளே கோமாளியின் கட்டமிட்ட சட்டை தெரிகிறது. இப்படமும் ஒயிட்பீல்டின் இயக்கத்தாரையே குறிவைத்தது. அது நியாயமா என்பது வேறு வழக்கு. ஆயினும் இங்கே நகைக்கப்படுவது உடற்குறை அன்று. உடைக்கும் ஒழுக்கத்துக்கும் இடையே உள்ள தொலைவு.

அத்தொலைவைத் தமிழில் ஒரே சொல்லால் தீட்டியவர் அயோத்திதாச பண்டிதர் (1845–1914). 1907 ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தங்கவயலில், குறிப்பாக மாரிக்குப்பத்தில், பலர் விரும்பிப் படித்தனர். 'வேஷ பிராமணர்' என்னும் தொடர் அவர் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும். கோலத்தை மட்டும் பூண்டு நெறியைக் கைவிட்டவர் வேஷத்தார். எவ்வுயிர்க்கும் இரங்கி நெறிநிற்பவரே யதார்த்த பிராமணர் என அவர் பிரித்துக் காட்டினார். பிறப்பு அங்கே அளவுகோல் அன்று. இதற்குச் செப்புத் தகடு தேவைப்படவில்லை. 'வேஷம்' என்ற சொல்லே அங்கியை விலக்கிக் காட்டிற்று.

பண்டிதர் மறைந்து சிலகாலத்தில் நின்றுபோன 'தமிழன்', 1926இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு மீண்டும் வெளிவந்தது. இம்முறை அது வெளிவந்த ஊர் சென்னை அன்று, கோலார் தங்கவயல்.