ஐந்து சாட்சிகளும் ஆறாவது எண்ணும்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்பர். 7 முதன்மை எண், 15 அன்று. சிறிய எண்ணாயின் பள்ளிச் சிறுவரும் உடனே விடை கூறுவர். 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297 எத்தகைய எண் என்று வினவினால், கற்றோரும் தயங்கவே செய்வர். பதினேழாம் நூற்றாண்டின் தலைசிறந்த கணித அறிஞரொருவர் இவ்வினாவுக்குத் தயங்காது விடை பகர்ந்தார், அவ்விடை பிழையாயிற்று.

அவர் பிரான்சு நாட்டவரான பியேர் த பேர்மா. தூலூஸ் நகரத்து நீதிமன்றத்திற் பணி. கணிதமோ ஓய்வுநேர இன்பம். 2-இன் வலுக்களுள் 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்பவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்பன கிடைக்கும். ஐந்தும் முதன்மை எண்கள். இவ்வரிசையில் வருவன யாவும் அவ்வாறே இருக்கும் என 1640-இல் அவர் கடிதம் எழுதினார். தம்மிடம் நிறுவல் இல்லை என்பதை மறைக்கவுமில்லை, ஆயினும் நம்பினார். ஐந்து சாட்சிகள் ஒருமுகமாகக் கூறினாலும், ஆறாவது சாட்சியை விசாரியாது விடுதல் நீதிமன்றத்தில் அமர்ந்தவர்க்கு அழகன்று!

ஆறாவது எண், 2-இன் 32-ஆம் வலுவுடன் 1-ஐக் கூட்ட வருவது. மேலே சொன்ன பேரெண் அதுவே. அது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என 1732-இல், சென் பீற்றர்ஸ்பேர்க் நகரிலிருந்த இருபத்தைந்து வயதினரான லியோனாட் ஓயிலர் காட்டினார். ஈவு 67,00,417. நேயர்கள் தாமே பெருக்கிப் பார்க்கலாம்.

எண்ணற்ற எண்களுள் 641 எவ்வாறு அகப்பட்டது? அதற்கான வழியை ஓயிலர் பிற்காலத்தில் எழுதிய கட்டுரையொன்று விளக்கிற்று. இப்பேரெண்ணை வகுக்கும் முதன்மை எண் ஒன்று உண்டெனக் கொள்க. 2-இன் வலுக்களை அதனால் வகுத்து மீதிகளைக் குறித்துச் சென்றால், அவை செக்குமாடுபோல் வட்டமிட்டுத் திரும்பி வரும். 32-ஆம் வலுவில் மீதி, வகுக்கும் எண்ணிலும் ஒன்று குறைவு. 64-ஆம் வலுவிலேதான் முதன்முறையாக மீதி 1 ஆகும். ஆகவே வட்டத்தின் நீளம் 64. மறுபுறம், 2 அல்லாத எந்த முதன்மை எண்ணை எடுத்தாலும், அதனிலும் ஒன்று குறைந்த வலுவில் மீதி 1 ஆதல் வேண்டும் என்பது ஒரு தேற்றம். எனவே வகுக்கும் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால், எஞ்சுவது 64-இன் மடங்காகும். இவ்வகையில் வரும் முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

இதில் வியப்பு யாதெனில், அத்தேற்றம் பேர்மா கண்டது. அதே 1640-இல் அவர் கடிதமொன்றில் எழுதியது. திறவுகோல் அவர் கையிலேயே இருந்தது. அஃதில்லாமலே 2, 3, 5 என முதன்மை எண்களால் வரிசையாக வகுத்திருப்பினும், 116-ஆவது வகுத்தலில் 641 அகப்பட்டிருக்கும். நூற்றுப்பதினாறு வகுத்தல்கள் அவருக்குச் சில நாள் வேலையே.

இவ்வரிசையில் இதற்கடுத்த 27 எண்களும் முதன்மை எண்கள் அல்ல என இன்று நிறுவப்பட்டுள்ளது. அவற்றுள் இரண்டின் காரணி ஒன்றுகூட அறியப்படவில்லை. பேர்மா கண்ட ஐந்துக்கு மேல் வேறொரு முதன்மை எண் இவ்வரிசையில் இதுவரை அகப்படவில்லை. இனி அகப்படவே மாட்டாது என்று நிறுவியவரும் எவருமிலர்.