உப்பும் சர்க்கரையும் காத்த உயிர்கள்

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் நம் இல்லங்களில் அதைப் பெரிதாக எண்ணுவோர் குறைவு. "பல் முளைக்கும் பருவம், அப்படித்தான் போகும்" என்பார் பாட்டியம்மா. "பால் ஒத்துக்கொள்ளவில்லை, இரண்டு நாளைக்கு நிறுத்திப் பார்" என்பார் பக்கத்து வீட்டுக்காரர். "குடிக்கக் கொடுத்தால் இன்னும் போகும், தண்ணீரே காட்டாதே" என்று அறிவுரை கூறுவோரும் உண்டு. இவை யாவும் அன்பினால் சொல்லப்படுபவை. ஆயினும் இவற்றுள் கடைசியாகக் கூறப்பட்டது ஒரு குழந்தையின் உயிரையே பறித்துவிடக் கூடியது.

வயிற்றுப்போக்கினால் உலகில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 4 லட்சத்திற்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர். 1980ஆம் ஆண்டு வாக்கில் இந்த எண்ணிக்கை 40 லட்சத்திற்கும் அதிகமாக இருந்தது. இவ்வளவு பெரிய மாற்றத்திற்குத் தூய குடிநீர், தடுப்பூசி, நல்ல உணவு எனப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் முன்வரிசையில் நிற்பது, சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறு பொட்டலம். உப்பு சர்க்கரைக் கரைசல் என்றும், ஓ.ஆர்.எஸ். என்றும் நாம் அழைப்பது அதனையே.

உயிரைப் பறிப்பது எது?

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தை பெரும்பாலும் கிருமியினால் இறப்பதில்லை. உடலிலுள்ள நீரும் உப்பும் வற்றிப்போவதனாலேயே இறக்கிறது. பெரியவர்களின் உடலைவிடக் குழந்தையின் உடலில் நீரின் பங்கு அதிகம்; சேமிப்போ குறைவு. ஆகவே பெரியவர் ஒருவர் இரண்டு நாள் தாங்கும் இழப்பைக் கைக்குழந்தை சில மணி நேரங்கூடத் தாங்குவதில்லை.

"குடித்த தண்ணீர்தான் அப்படியே வெளியே வந்துவிடுகிறதே, கொடுத்து என்ன பயன்?" என்று தாய்மார்கள் கேட்பது இயல்பு. மருத்துவ உலகமும் நெடுங்காலம் இவ்வாறே எண்ணியிருந்தது. ஆனால் குடலின் சுவரில் ஒரு வியப்பான அமைப்பு உண்டு. சர்க்கரைச் சத்தாகிய குளுக்கோஸ் உள்ளே செல்லும்போது உப்பையும் தன்னோடு கைகோத்து அழைத்துச் செல்கிறது. உப்பு சென்ற வழியே தண்ணீரும் செல்கிறது. 1960ஆம் ஆண்டில் இராபர்ட் கிரேன் என்ற அறிஞர் இந்த இணைப்பை எடுத்துரைத்தார். காலரா போன்ற கடும் நோயிலும் இந்த வாசல் மூடுவதில்லை. வெறும் தண்ணீர் தங்காத குடலில், சரியான அளவில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் தங்குகிறது. ஓ.ஆர்.எஸ்.ஸின் இரகசியம் இவ்வளவுதான்.

பன்காவ் முகாமில் நிகழ்ந்தது

1968ஆம் ஆண்டில் டாக்காவிலிருந்த காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் ஆகிய மருத்துவர்கள் தம் சகாக்களுடன் இம்முறையை நோயாளிகளிடம் சோதித்துப் பயன் கண்டனர். என்றாலும், மருத்துவமனைக்கு வெளியே, பயிற்சியற்றவர் கைகளில் இது பலிக்குமா என்ற ஐயம் நீங்கவில்லை.

அந்த ஐயத்தை நீக்கியது 1971ஆம் ஆண்டு. வங்கதேசப் போரினால் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை கடந்து மேற்கு வங்கத்திற்கு வந்தனர். எல்லையருகே உள்ள பன்காவில் காலரா பரவியது. அங்கிருந்த மருத்துவமனையில் நோயாளிகள் தரையில் நெருக்கமாகக் கிடந்தனர். நரம்பு வழியே ஏற்றும் சலைன் கையிருப்பு தீர்ந்துகொண்டிருந்தது. அங்கே பணியாற்றிய குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ் ஒரு முடிவெடுத்தார். குளுக்கோஸ், சமையல் உப்பு, சோடா உப்பு ஆகியவற்றை அளந்து கலந்து பொட்டலமிட்டு, பீப்பாய்களில் நீரில் கரைத்து வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே அதனைக் கோப்பைகளில் பிடித்துப் புகட்டினர். முகாமில் 100க்கு ஏறக்குறைய 30 என்றிருந்த மரணம், இம்முறை பெற்றோரிடையே 4க்கும் கீழே இறங்கியது.

தாயின் கையே மருத்துவரின் கையாக முடியும் என்பதை உலகம் அன்று கண்டது. 1978இல் இலண்டனின் 'லான்செட்' மருத்துவ ஏடு, இக்கண்டுபிடிப்பு அந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். மறு ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருதை அறிவித்தது.

வீடுவீடாகச் சென்ற பாடம்

கண்டுபிடிப்பு ஒன்று, அது மக்களைச் சென்றடைவது வேறொன்று. வங்கதேசத்தில் 'பிராக்' என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை பெண் ஊழியர்களை ஊர் ஊராக அனுப்பி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட இல்லங்களில் தாய்மார்களுக்கு இப்பாடத்தைக் கற்பித்தது. மூன்று விரல்களால் எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணீர். எழுத்தறிவற்ற தாயும் மனத்தில் இருத்தக்கூடிய பாடம். ஊழியர் எத்தனை வீடு ஏறினார் என்று பார்த்துக் கூலி தரப்படவில்லை. கற்ற தாய் பின்னர் எவ்வளவு சரியாகச் சொல்கிறார், கலக்குகிறார் என்பதைச் சோதித்தே தரப்பட்டது.

தொடக்கத்தில் தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. காரணம் ஆராய்ந்தபோது, வீட்டு ஆண்களுக்கு இதில் நம்பிக்கை ஏற்படவில்லை என்பதும் தெரிய வந்தது. அதன்பின் கடைவீதிகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைக் கூட்டி விளக்கினர். நம்மவர்க்கும் இதில் படிப்பினை உண்டு. குழந்தையின் மருத்துவம் உம்மாவின் பொறுப்பு மட்டுமன்று. வாப்பாவும் அறிந்திருக்க வேண்டிய பாடம் இது.

மஃரிப் தொழுகை முடிந்து வரும்போது, பள்ளிவாசல் வாயிலில் துவண்ட குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஓதி ஊதும்படி வேண்டி நிற்கும் தாய்மார்களை நாம் அன்றாடம் காண்கிறோம். சகோதர சமயத்தவரும் அவர்களுள் உண்டு. துஆவும் வேண்டும், மருந்தும் வேண்டும். ஊதிவிடும் இமாமும் ஆலிமும் "கரைசல் கொடுத்தீர்களா, அம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அவ்வொரு வார்த்தை பல வீடுகளில் விளக்கேற்றும்.

எப்படிக் கலப்பது?

பொட்டலத்தின் மீது எழுதியுள்ள அளவை முதலில் படியுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டர் நீருக்குரியது. 200 மில்லி நீருக்குரிய சிறிய பொட்டலமும் உண்டு. காய்ச்சி ஆறவைத்த நீரில் முழுப் பொட்டலத்தையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியைக் கரைத்துப் பாதியை மடித்து வைப்பது கூடாது, அளவு பிறழும். நீர் குறைந்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குத் தீங்கு நேரும்; நீர் கூடினால் பயன் குறையும். பாலிலோ பழச்சாற்றிலோ கரைக்கக் கூடாது. சுவைக்காகக் கூடுதல் சர்க்கரையும் சேர்க்கக் கூடாது. கலந்ததை மூடிவைத்து 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்தி, எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

பொட்டலம் கிடைக்காத நேரத்தில், 1 லிட்டர் நீரில் தேக்கரண்டியால் தலைதட்டி 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். கொடுக்குமுன் நீங்கள் சுவைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட அதிகமாகக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள்.

எவ்வளவு கொடுப்பது?

ஒவ்வொரு முறை நீராகப் போனபின்னும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரையும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி வரையும் கொடுக்க வேண்டும். பால்புட்டி வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும். வாந்தியெடுத்தால் அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். 10 நிமிடம் பொறுத்து, இரண்டு மூன்று நிமிடத்திற்கு ஒரு கரண்டியாக மீண்டும் தொடங்குங்கள். இது பொறுமையைச் சோதிக்கும் பணி. இரவு முழுதும் விழித்திருக்க நேரலாம். வீட்டிலுள்ளோர் முறைவைத்துக்கொள்வது நல்லது.

தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தலாகாது. முன்னிலும் அதிக முறை ஊட்ட வேண்டும். 6 மாதம் கடந்த குழந்தைக்கு அரிசிக் கஞ்சி, பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, வாழைப்பழம் என வழக்கமான உணவையே சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். மசாலா சேர்ந்த நோன்புக் கஞ்சியன்று, வெறும் அரிசிக் கஞ்சியே ஏற்றது. குளிர்பானம், சர்க்கரை மிகுந்த தேநீர், பெட்டியில் விற்கும் பழச்சாறு ஆகியவற்றைத் தவிருங்கள். மிகுந்த சர்க்கரை உடலின் நீரைக் குடலுக்கு இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டும்.

கரைசலுடன் துத்தநாக மாத்திரையும் வேண்டும். 6 மாதத்திற்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம் என 10 முதல் 14 நாள் வரை கொடுப்பது முறை. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் நாள் கணக்கை முடிக்க வேண்டும். குடல் தேறுவதற்கும் நோய் விரைவில் திரும்பாமலிருப்பதற்கும் அது உதவும். வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தும் மாத்திரைகளைப் பெரியவர்களுக்கு வாங்கியதிலிருந்து எடுத்துக் குழந்தைக்குக் கொடுப்பது ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் ஆண்டிபயாடிக் மருந்தும் வேண்டாம்.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்

கடைகளில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி, வண்ணப் பெட்டிகளில் இனிப்புப் பானங்கள் பல ஆண்டுகள் விற்கப்பட்டன. அவற்றில் சர்க்கரை மிகுதி. உப்புச் சத்தோ போதாது. குழந்தை மருத்துவர்கள் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக, இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் இத்தகைய பானங்கள் அப்பெயரைப் பயன்படுத்தக் கூடாதென ஆணையிட்டது. ஆயினும் வாங்குவோரின் விழிப்பே முதற்காவல். உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படி தயாரித்தது என்ற குறிப்பு உறையின் மீது இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போது தாமதிக்கக் கூடாது?

குழந்தை துவண்டு கிடந்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, குடிக்க இயலாவிட்டாலோ, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண்கள் குழிவிழுதல், அழுதும் கண்ணீர் வராமை, 6 மணி நேரமாகச் சிறுநீர் கழியாமை, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. வயிற்றுத் தோலை இரு விரலால் மெல்லப் பிடித்து விட்டால் அது உடனே படிய வேண்டும். மெதுவாகப் படிந்தால் உடல் வற்றியிருக்கிறது என்று பொருள். செல்லும் வழியிலும் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே செல்லுங்கள். 6 மாதத்திற்குட்பட்ட சிசுவாயின் இந்த அறிகுறிகளுக்குக் காத்திராமல் முன்னதாகவே மருத்துவரை நாடுங்கள்.

வருமுன் காப்பது அதனினும் நன்று. மலங்கழுவிய பின்னும் உணவு ஊட்டுமுன்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல், காய்ச்சிய நீர், 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தல் ஆகிய மூன்றும் பெரும் அரண்கள். ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தை 6, 10, 14 ஆகிய வாரங்களில் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே தருகின்றனர்.

2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளுள் 100க்கு 61 பேருக்கே ஓ.ஆர்.எஸ். கிடைத்தது. எஞ்சிய 39 குழந்தைகளின் வீட்டிலும் உப்பு இருந்திருக்கும், சர்க்கரை இருந்திருக்கும், தண்ணீரும் இருந்திருக்கும். இல்லாதிருந்தது அறிவு ஒன்றே. எனவே சகோதரிகளே, இன்றே இரண்டு பொட்டலங்களை வாங்கி, அவசரத்தில் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கேட்டால் விலையின்றியே தருவார்கள். வீட்டிலுள்ள அனைவரையும் அழைத்து ஒருமுறை கலந்து காட்டுங்கள். நள்ளிரவில் தேவைப்படும்போது விளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருக்க நேரமிராது.